வேதாளத்துக்கே என் ஓட்டு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கிற வன்னியம்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அந்த மலைத் தொடரில்தான் செண்பகத்தோப்பு இருக்கிறது. அதே தொடரில் வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரி. சித்தர்கள் இன்றும் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் நடமாடுகிறார்கள் என்று நம்பி, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறையிலிருந்து ஏறுகிற கூட்டம் கொஞ்சமல்ல. கிழக்கே திரும்பினால் சிவகாசி. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யைத் தமிழ்ப் பிள்ளைகள் கையில் கொடுத்தது அந்த ஊர்க்காரர்களின் முயற்சி. 1984இல் லயன் காமிக்ஸ் கிளம்பியதும் அங்கிருந்துதான். மேற்கே நம்பிக்கையாக ஒரு மாயம், கிழக்கே அச்சாகி வந்த ஒரு மாயம். நாம் நேசித்துப் படித்த மாயக் கதைத் தொடர்களில் முதலிடம் எதற்கு என்று உலகமெங்கும் வாசகர்கள் ஓயாமல் வாதாடுகிறார்கள். அந்த வழக்கை விசாரிக்க இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

இந்த வாதத்தில் பெரும்பாலோர் கையில் எடுக்கிற அளவுகோல் பிரமாண்டம். எத்தனை பாகம், எத்தனை ராஜ்ஜியம், எத்தனை இனம், ஆசிரியர் தனியாக மொழி உண்டாக்கினாரா, வரைபடம் போட்டாரா என்று கணக்குப் பார்ப்பார்கள். அது உழைப்பை அளக்கும், கதையை அளக்காது. மாயக் கதையை அளக்க வேண்டியது அதன் மாயத்துக்கு எங்கே தடை இருக்கிறது என்பதை வைத்துத்தான். மந்திரத்தால் எல்லாமே முடியும் என்றால் கதையில் யாருக்கும் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை. பயம் இல்லாத இடத்தில் ஆசைக்கும் மதிப்பில்லை. இந்த மாயம் எதைச் செய்யாது, செய்தால் என்ன கேட்கும், கேட்டதைக் கொடுக்க நாயகனால் முடிகிறதா என்பவைதான் கேள்விகள். புத்தகத்தை மூடிய பிறகும் அந்தத் தடை வாசகனை உறுத்துகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தவுடன் சில பெரிய பெயர்கள் போட்டிக்கு வெளியே போய்விடுகின்றன. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த பொன்னியின் செல்வன் தமிழர்களின் செல்லத் தொடர்தான், ஆனால் அது வரலாற்றுப் புனைவு. ஜெயமோகன் 2014இல் தொடங்கி 2020இல் முடித்த வெண்முரசு, 26 நாவல்களாக விரிந்த பாரதம். அதை வேறு பாரதங்களோடு வைத்துப் பேசுவதே நியாயம்.

முதலில் பக்கத்து ஊர்க்காரரான மாயாவியை எடுத்துக்கொள்வோம். லூயிஸ் கிராண்டேலுக்கு ஆய்வுக்கூட விபத்தில் வலது கை போய், அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தியிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் உடம்பில் கடுமையான மின்சாரம் பாய, ஆள் மறைந்துவிடுகிறார். இரும்புக் கை மட்டும் மறைவதில்லை. பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் 1962இல் தொடங்கிய இந்தக் கதைக்கு ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ போட்ட கறுப்பு வெள்ளைச் சித்திரங்களில், ஆளில்லாத வெற்றிடத்தில் ஒரு உலோகக் கை மட்டும் கதவைத் திறக்கும், கழுத்தைப் பிடிக்கும். சதுரகிரிச் சித்தர் குளிகை போட்டு முழுசாக மறைவார் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது புதுசு. யாராலும் முழுசாக மறைந்துவிட முடியாது, ஏதாவது ஒன்று வெளியே தெரிந்தே தீரும் என்ற விதியை இவ்வளவு எளிய படத்தில் சொன்ன கதை வேறில்லை. அந்தச் சக்தியும் நிரந்தரமில்லை; நேரம் கழிந்தால் உடம்பு திரும்பத் தெரியும், மறுபடி மறைய மறுபடி மின்சாரம் வேண்டும். கரிசல் காட்டுக் கிணறுகளில் கமலை போய் மோட்டார் வந்துகொண்டிருந்த காலத்தில் இந்தக் கதை இங்கே வந்தது. தொட்டால் ஆளைத் தூக்கி எறியும் என்று பெரியவர்கள் பயமுறுத்திய அதே கரண்டைத் தேடிப் போய்த் தொடுகிற ஒரு மனிதன், அன்றைய பிள்ளைகளை எப்படிப் பிடித்துக்கொண்டிருப்பான் என்று விளக்க வேண்டியதில்லை. அரை நூற்றாண்டு கழித்தும் மாயாவி மறுபதிப்பாக வருவதும், வாங்க ஆள் இருப்பதும் அந்தப் பிடியின் பலம்.

ஆனாலும் என் அளவுகோலில் மாயாவி பாதி வழியில் நின்றுவிடுகிறார். தொடக்கக் கதையில் கிராண்டேல் நல்லவர் இல்லை. மறைய முடிகிறது என்று தெரிந்ததும் பேராசை அவரைத் திருட்டுக்கும் மிரட்டலுக்கும் இழுத்துப் போகிறது. யாரும் பார்க்காவிட்டால் நீ யார் என்ற கேள்வியைக் கதை அங்கே தொடுகிறது. தொட்டதோடு சரி. சீக்கிரமே அவர் திருந்தி, நிழல்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியாகிவிடுகிறார். இரும்புக் கையின் விரல்கள் துப்பாக்கியாகவும் மற்ற கருவிகளாகவும் மாறுகின்றன. தடையாக இருந்தது ஆயுதமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவை விறுவிறுப்பான சாகசங்கள்; கிராண்டேலுக்குள் எந்தச் சண்டையும் மிச்சமில்லை.

வெளியூர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். டோல்கீனின் மோதிரக் கதை மூன்று தொகுதிகளாக 1954, 1955 ஆண்டுகளில் வந்தது. உலகத்தைக் கட்டி எழுப்புவதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. இதை மறுப்பது வீம்பு. மோதிரத்தைப் போட்டால் மறையலாம், ஆனால் போட்டவனை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்ற விதி, மாயாவியின் மின்சாரத்தைவிட ஆழமானது. அது உடம்பை விட்டுவிட்டு ஆசையைப் பிடிக்கிறது. இதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்றை டோல்கீன் காட்டினார். மோதிரத்தை அழிக்க ஆயிரம் பக்கம் நடந்து நெருப்பு மலை விளிம்புக்கு வந்த ஃபுரோடோ, கடைசி நொடியில் மோதிரத்தை எறிய மாட்டேன் என்கிறான். நாயகன் தோற்கிறான், மோதிரத்தை விடாமல் துரத்திவந்த கொல்லம் என்ற பிறவி அவன் விரலைக் கடித்துப் பறித்துக்கொண்டு தவறி விழுவதால்தான் உலகம் பிழைக்கிறது. ரௌலிங்கின் ஹாரி பாட்டர், 1997இலிருந்து 2007 வரை ஏழு புத்தகம், தமிழிலும் கால் வைத்த தொடர். அதன் தனிப் பெருமை, பாகத்துக்குப் பாகம் ஹாரிக்கு ஒரு வயது கூடுவது. கூடவே படித்த பிள்ளையும் வளர்ந்தது. செத்தவர் திரும்ப மாட்டார், சாவை ஏமாற்ற நினைப்பவன் தன் ஆன்மாவையே துண்டு போட வேண்டும் என்ற இரண்டு தடைகளும் அந்தத் தொடரைக் கடைசிவரை நேர்மையாக வைத்திருக்கின்றன. (மார்ட்டினின் சிம்மாசனச் சண்டையை இங்கே சேர்க்கவில்லை. 1996இல் தொடங்கி, 2011இல் ஐந்தாவது புத்தகம் வந்து, ஆறாவதுக்கு வாசகர்கள் காத்துக் கிடக்கிறார்கள். முடியாத வழக்குக்குத் தீர்ப்பு எழுத முடியாது.) இந்த இரண்டு பேரிடமும் எனக்கு இருக்கிற ஒரே குறை, கேள்வியையும் விடையையும் ஆசிரியரே வைத்துக்கொள்வது. ஹாரியின் வாத்தியாரான ஸ்னேப் நல்லவனா கெட்டவனா என்று ஏழு புத்தகம் நாம் தவித்த பிறகு, ஒரே அத்தியாயத்தில் அவன் நினைவுகளைத் திறந்து காட்டி ரௌலிங் தீர்த்துவிடுகிறார். அங்கே வாசகனுக்கு வேலை முடிந்துபோகிறது.

இப்போது வேதாளத்திடம் வருவோம். தினமும் ஒரு பழத்துக்குள் ரத்தினம் வைத்துக் கொடுத்து ராஜா விக்கிரமாதித்தனைக் கடன்படுத்திய சந்நியாசி, கைம்மாறாகச் சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தைத் தோளில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறான். வழியில் பேசக் கூடாது. பிணத்துக்குள் இருக்கிற வேதாளம் பொழுதுபோக ஒரு கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். ராஜா மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவுதான் சட்டம். ராஜ்ஜியமும் வரைபடமும் இந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தில் ராஜாவின் வாளுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனைத் தோற்கடிப்பது அவனுடைய அறிவு. தெரிந்துகொண்டே இருப்பதால்தான் அவன் திரும்பத் திரும்பத் தோற்கிறான். தெரியாது என்று ஒரு பொய் சொல்லித் தப்பிக்கலாமே என்றால் அதுவும் முடியாது. அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அவன் மனசுக்கு மட்டும்தான் தெரியும். தலை வெடிப்பது அந்த மனசாட்சிப்படிதான். இரும்புக் கையின் மாயம் உடம்பைக் கட்டுப்படுத்தியது, மோதிரத்தின் மாயம் ஆசையைச் சோதித்தது. வேதாளத்தின் மாயமோ ஒருவன் தன்னிடமே பொய் சொல்கிறானா என்று பார்க்கிறது. இதைவிடக் கடுமையான தடையை எந்த மாயக் கதையிலும் நான் காணவில்லை.

தொடருக்கு முடிவும் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இருக்கிறபடி, கடைசியாக வேதாளம் கேட்கிற புதிர் இது: அப்பனும் மகனும் காட்டில் தாயும் மகளுமாக வந்த இரண்டு பெண்களின் காலடித் தடத்தைப் பார்க்கிறார்கள். பெரிய பாதத்துக்காரியை அப்பன் கட்டுவது, சின்னப் பாதத்துக்காரியை மகன் கட்டுவது என்று பேசி வைக்கிறார்கள். நேரில் பார்த்தால் மகளுடைய பாதம்தான் பெரியது. சொன்ன சொல் மாறாமல் அப்பன் மகளையும் மகன் தாயையும் கட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? மாமன் மச்சான், அத்தை சித்தப்பா என்று முறை வைத்தே உலகத்தைப் புரிந்துகொள்கிற நம் ஊரில் இந்தக் கேள்வியைப் போட்டால் திண்ணையில் ஒருநாள் ஓடும். ராஜாவுக்கு விடை தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அதனால் மௌனமாக நடக்கிறான், தலையும் வெடிக்கவில்லை. அந்த மௌனத்தை மெச்சித்தான் வேதாளம் சந்நியாசியின் சதியைச் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறது. தனக்குத் தெரியாததை ஒப்புக்கொள்கிற இடத்தில் நாயகன் ஜெயிக்கிற கதை இது. டோல்கீன் நாயகனைத் தோற்க விட்டார் என்று சொன்னேன். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கதை அதைவிட நுட்பமான ஒன்றைச் செய்திருக்கிறது.

இதற்கு வருகிற முதல் ஆட்சேபம், வேதாளம் நம் சொத்தில்லை, வடமொழியிலிருந்து வந்த சரக்கு என்பது. வந்தது உண்மைதான். மாயாவியும் லண்டனிலிருந்து வந்தவர்தானே! வந்த கதையை ஒரு மொழி என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். வடமொழியில் பிணம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழ் அதை முருங்கையில் தொங்கவிட்டது. கொல்லைப்புறத்தில் நிற்கிற, இரவில் பக்கத்தில் போகாதே என்று அம்மா சொல்கிற, கிளை சட்டென்று முறிகிற மரம். அந்த ஒரு மாற்றத்தால் சுடுகாட்டுப் பயம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது, பழமொழியாகவும் நின்றது. தமிழ் வேதாளக் கதை தனிப் பாடமாகப் பெருவழக்கில் இருந்ததால்தான் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் அதை 1831இலேயே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். விக்கிரமாதித்தனுக்குப் பக்கத்தில் மந்திரி பட்டியை இவ்வளவு பெரிய ஆளாக நிறுத்தியதும் நம் பெரிய எழுத்துக் கதைதான். சிம்மாசனத்தில் ஆயிரம் வருஷம் இருக்க ராஜாவுக்கு இந்திரன் வரம் கொடுத்தான். பட்டிக்கோ காளியிடமிருந்து இரண்டாயிரம் வருஷம் ஆயுள் கிடைத்துவிட்டது. மிச்ச ஆயிரத்துக்கு என்ன செய்வது? ஆறு மாதம் நாட்டில் உட்கார், ஆறு மாதம் காட்டில் திரி, சிம்மாசனக் கணக்கு இரட்டிப்பாகும் என்று பட்டி வழி சொல்கிறான். தெய்வம் போட்ட விதியை மீறாமல், அதன் எழுத்துக்குள்ளேயே நின்று ஆயுளை நீட்டுகிற இந்தச் சாமர்த்தியம், தடையே கதையின் உயிர் என்பதற்கு நான் காட்டக்கூடிய நல்ல சாட்சி. மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்குக் காடாறு மாதம் நாடாறு மாதம் என்ற கணக்கைத் தனியாக விளக்கவும் வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. வேதாளக் கதைகளில் பெண் பெரும்பாலும் பரிசுப் பொருள். ராஜ விசுவாசம் கேள்விக்கு அப்பாற்பட்ட அறம். செத்துப்போன பெண்ணின் சாம்பலில் ஒருவன் படுத்துக் கிடக்கிறான், எலும்பை ஒருவன் கங்கைக்குக் கொண்டுபோகிறான், மூன்றாமவன் மந்திரம் கற்று வந்து உயிர்ப்பிக்கிறான். அவள் யாருக்குச் சொந்தம் என்பது கேள்வி. உயிர் கொடுத்தவன் தகப்பன், எலும்பைச் சுமந்தவன் மகன், சாம்பலோடு கிடந்தவனே கணவன் என்கிறான் ராஜா. அழகான விடை. ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. ராஜாவின் ஆயுளுக்காகப் பெற்ற பிள்ளையைப் பலி கொடுத்த வீரவரன் கதையிலும், ஊழியனுக்காகத் தன் உயிரைக் கொடுக்கத் துணிந்த மன்னனே எல்லாரிலும் உயர்ந்தவன் என்று தீர்ப்பாகிறது. கழுத்தை நீட்டிய பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பில் இடம் சிறிது. இந்தக் குறைகளை நான் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் இந்தத் தொடரின் அமைப்பில் விடை என்பது ராஜாவின் விடை மட்டுமே. அவன் சொல்லி முடித்ததும் வேதாளம் பறந்துவிடுகிறது. கேள்வி நம்மிடம் நின்றுவிடுகிறது. தலை மாறிய இருவர் கதையில் கணவனின் தலை எந்த உடம்பில் இருக்கிறதோ அவனே கணவன், உறுப்புகளில் தலையே பிரதானம் என்கிறான் ராஜா. அந்த விடை போதாது என்று 1940இல் ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான் ஒரு குறுநாவல் எழுதினார். கிரீஷ் கர்னாட் 1971இல் ‘ஹயவதன’ நாடகத்தில் அந்தப் பெண்ணுக்கே வாய் கொடுத்தார். பழைய தீர்ப்பைப் புதிய காலம் மேல்முறையீடு செய்ய இடம் விட்டிருக்கிற மாயக் கதை வேறு எது?

பால்ய கால ஞாபகத்தின் பாசம்தான் இந்த ஓட்டு என்று சொல்கிறவர்களும் உண்டு. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா, இருபத்தைந்து பழங்கதையோடு நிற்காமல் மாதாமாதம் புதுக் கதை கட்டி வேதாளத்தின் வாயில் கொடுத்தது. வாளை உருவிப் பிடித்து, பிணத்தைத் தோளில் சாய்த்து நடக்கிற ராஜாவை ஓவியர் சங்கர் வரைந்தார். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாசம் இருப்பது இயல்பு. ஆனால் 2017இல் புஷ்கர் – காயத்ரி எடுத்த ‘விக்ரம் வேதா’வை ஓடவைத்தவர்களில் பலர் அம்புலிமாமாவைக் கையில் தொட்டிராத தலைமுறை. போலீஸ்காரனிடம் தாதா ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்லி, எது சரி என்று கேட்டுவிட்டுத் தப்பிக்கிறான். அந்த அமைப்பு அவர்களுக்கு எந்த முன்னுரையும் இல்லாமல் புரிந்தது. ஞாபகத்தால் மட்டும் பிழைக்கிற கதையால் இதைச் செய்ய முடியாது. ராஜா வளர்வதே இல்லை, ஹாரியைப் போல அவனோடு சேர்ந்து நாம் வளர முடியவில்லை என்ற குறை மட்டும் எஞ்சுகிறது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்த ஒரு பாடத்தில் ரௌலிங்குக்கே முதல் மதிப்பெண் கொடுக்கிறேன்.

மொத்தத்தில் என் வரிசை: வேதாளம், மோதிரம், ஹாரி, மாயாவி. மாயாவி கடைசி என்பது அவமானமில்லை. இந்த நால்வரில் ஒருவராக நிற்பதே சிவகாசிக்குப் பெருமை. வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. மாயாவிக்கு நல்ல தாளில் மறுபதிப்பு வருகிறது, ஹாரிக்கு எந்த ஊர் புத்தகக் கடையிலும் இடம் உண்டு. வேதாளத்துக்கோ, அம்புலிமாமா நின்றுபோன பிறகு, பிள்ளைகள் விரும்பி எடுக்கிற மாதிரி படமும் நடையும் கூடிய பதிப்பைக் கண்ணில் காண்பதே அபூர்வமாகிவிட்டது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போடுகிறது; ஒரு வேதாளக் கதைக்கு அந்த அளவு கச்சிதமாகப் பொருந்தும். ஓவியம், நடை, அச்சு மூன்றுக்கும் விருதுநகர் மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறது. யாராவது பொறுப்பெடுத்து, இருபத்தைந்து கதையையும் இருபத்தைந்து சிறு நூலாகக் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு புத்தகத்திலும் கேள்வி முடிகிற இடத்தில் ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். ராஜாவின் விடையை அடுத்த பக்கத்தில் போடலாம். அதற்குள் வன்னியம்பட்டிப் பிள்ளை தன் விடையை எழுதட்டும்.